அங்கணமும் அனிச்சமும்

திருநெல்வேலிச் சீமையில் பிறந்து வளர்ந்த எனக்குச் சமையலறையில் பாத்திரம் கழுவும் இடத்தின் பெயர் அங்கணம். சென்னைக்கு வந்து சேர்ந்த புதிதில், உடன் தங்கியிருந்த நண்பர்களிடம் 'எச்சில் தட்டை அங்கணத்தில் போடு' என்று சொல்லிவிட்டு, அவர்கள் விழித்ததைப் பார்த்து வெட்கப்பட்டு, அந்தச் சொல்லை மெல்ல மெல்ல என் பேச்சிலிருந்து கழற்றி வைத்தேன். அது ஏதோ எங்கள் பக்கத்துப் பட்டிக்காட்டுச் சொல் என்றே பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் குறளில் அவையறிதல் அதிகாரத்தின் கடைசிப் பாட்டைப் படிக்க நேர்ந்தது. 'அங்கணத்துள் உக்க அமிழ்தற்றால் தங்கணத்தார் அல்லார்முன் கோட்டி கொளல்.' தம் இனத்தார் அல்லாதவர் முன்னே பேசுவது அங்கணத்தில் கொட்டிய அமிழ்து போன்றது என்கிறார் வள்ளுவர். எழுதப் படிக்கத் தெரியாத என் ஆச்சி, கழுநீர் ஓடும் குழியைக் காட்டி நாளுக்குப் பத்து முறை சொன்ன அதே சொல்தான் அது.

இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைக் காட்டிலும், அதற்குப் பிறகு எழுந்த கேள்விதான் என்னை நெடுநாள் பிடித்துக்கொண்டது. அந்தச் சொல் அந்தக் குறளில் எப்படித் தப்பிப் பிழைத்தது? ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுத்தவர்கள் எத்தனை பேர், எத்தனை ஊர்க்காரர்கள், எத்தனை தலைமுறையினர்! அவர்களில் பாதிப் பேருக்காவது அங்கணம் என்பது பழகாத சொல்லாக இருந்திருக்கும். படியெடுப்பவர் தமக்குத் தெரியாத சொல்லைக் கண்டால் தெரிந்த சொல்லாக மாற்றிவிடுவது உலகெங்கும் ஏட்டுப் பிரதிகளில் நடக்கும் காரியம். இந்த இடத்தில் அது நடக்காமல் காத்தது எதுகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலடி அங்கணம் என்று தொடங்கினால்தான் அடுத்து வரும் தங்கணத்தார் அதனோடு ஒத்து ஒலிக்கும். அங்கணத்தை எடுத்துவிட்டு வேறு எந்தச் சொல்லைப் போட்டாலும் தங்கணத்தார் துணையில்லாமல் தனியே நிற்கும். படிப்பவன் நாக்கு இடறும்.

கவிதை ஒரு மொழியைக் காக்கிறது என்று மேடைகளில் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிறிது எரிச்சல் வருவதுண்டு. சொல்பவர் பெரும்பாலும் கவிதையின் உணர்ச்சியை, அழகை, இனப்பெருமையைக் கருதித்தான் அப்படிச் சொல்கிறார். தமிழைப் பொறுத்தவரை காவல் வேலையைச் செய்தது உணர்ச்சி அன்று, யாப்பு. அசையும் சீரும் தளையும் எதுகையும் மோனையும் அந்தாதியும் சேர்ந்து, சொற்களை அவை நிற்க வேண்டிய இடத்தில் கட்டிப்போட்டன. கட்டுவது என்பதுதான் யாப்பு என்ற சொல்லின் பொருளும்.

இந்தக் கட்டு எவ்வளவு நுட்பமாக வேலை செய்தது என்பதை உணர, பழைய ஓலை எழுத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு இருக்காது. கெடு என்பதும் கேடு என்பதும், கொடு என்பதும் கோடு என்பதும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும். நெடிலுக்கு இடும் காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். இத்தகைய எழுத்தில் உரைநடை எழுதப்பட்டிருந்தால், ஐந்நூறு ஆண்டு கழித்துப் படிப்பவன் ஊகத்தை நம்பித்தான் வாசிக்க வேண்டும். செய்யுளாக இருந்தால் ஊகத்துக்கு வேலை குறைவு. நடுவுநிலைமை அதிகாரத்தில் 'கெடுவாக வையாது உலகம் நடுவாக நன்றிக்கண் தங்கியான் தாழ்வு' என்று ஒரு குறள் இருக்கிறது. இன்று கேடு என்று சொல்லும் பொருளில் அங்கே கெடு என்று வருகிறது. ஓலையில் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும். பழகிய காது கேடு என்றே படிக்க விரும்பும். ஆனால் எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தும் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவொத்திருக்க வேண்டும் என்பது விதி. எதிரே நிற்பது நடுவாக என்னும் குறில் என்பதால், இங்கே இருப்பதும் குறில்தான். கெடுவாக என்றுதான் படித்தாக வேண்டும். வரிவடிவம் காட்டாத வேறுபாட்டை எதுகை காட்டிக் கொடுக்கிறது.

மோனையின் காவலுக்கும் குறளிலேயே ஒரு சான்று உண்டு. இதைக் கண்டபோது எனக்குத் தனியே ஒரு மகிழ்ச்சி, ஏனென்றால் இதுவும் எங்கள் ஊர்ச் சொல். குறிப்பறிதல் என்ற ஒரே அதிகாரத்தில், ஒரு குறள் 'தான்நோக்கி மெல்ல நகும்' என்று முடிகிறது. நான்கு குறள் தள்ளி இன்னொன்று 'பசையினள் பைய நகும்' என்று முடிகிறது. மெல்ல, பைய இரண்டுக்கும் பொருள் ஒன்று. இரண்டும் தேமாச் சீர். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தாலும் வெண்பாவின் தளை கெடாது. பசையினள் என்பதன் பகரத்துக்கு மோனையாகப் பைய அமைந்திருக்கிறது என்ற ஒரே பிடிமானந்தான் அந்தச் சொல்லை அங்கே நிறுத்தியிருக்கிறது. திருநெல்வேலியில் இன்றும் குழந்தை மாடிப்படி இறங்கினால் 'பைய போ' என்றுதான் சொல்வார்கள். சென்னையில் 'மெதுவா' என்கிறார்கள்.

பாட்டு தன்னைத் தானே எண்ணிக்கொள்ளும் வழக்கம் இதைவிட வியப்பானது. ஆழ்வார்கள் பாடிய நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் வழக்கிழந்து போயிருந்த காலத்தில் வைணவ ஆசாரியர் நாதமுனிகள் அதை மீட்ட கதையை வைணவ குருபரம்பரை சொல்கிறது. யாரோ சிலர் நம்மாழ்வாரின் திருவாய்மொழியிலிருந்து, திருக்குடந்தைப் பெருமாள்மீது ஆராவமுதே என்று தொடங்கும் பாசுரங்களைப் பாடக் கேட்டார் நாதமுனிகள். பதினோராம் பாசுரத்தில் 'ஓராயிரத்துள் இப்பத்தும்' என்று வந்தது. அப்படியென்றால் மீதிப் பாசுரங்கள் எங்கே என்று கேட்டார், பாடியவர்களுக்குத் தெரியவில்லை. அவர் நம்மாழ்வாரின் ஊரான குருகூர் சென்று, மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை ஓதி, நம்மாழ்வாரிடமிருந்தே நாலாயிரத்தையும் பெற்றார் என்பது கதை. கதையின் பிற்பகுதியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். முற்பகுதி எனக்கு முற்றிலும் நம்பத்தக்கதாகவே படுகிறது. ஒவ்வொரு பதிகத்தின் முடிவிலும் தன் பெயரையும் ஊரையும், மொத்தம் எத்தனை, அதில் இது எத்தனை என்ற கணக்கையும் கவிஞர் பொதிந்து வைத்திருந்தார். பாட்டின் ஒரு துண்டு கையில் கிடைத்தவனுக்குத் தன் கையில் இருப்பது துண்டுதான் என்று தெரிந்தது. போதாக்குறைக்குத் திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் அந்தாதியாகத் தொடுக்கப்பட்டவை. ஒரு பாசுரம் முடியும் சொல்லில் அடுத்த பாசுரம் பிறக்கும். 'உயர்வற' என்று தொடங்கிய முதல் பாசுரத்துக்குத் திரும்பும்படி கடைசிப் பாசுரம் 'உயர்ந்தே' என்று முடியும். இடையில் ஒன்று தொலைந்தால் சங்கிலி அறுந்த இடம் உடனே தெரியும். உரைநடை நூலில் ஒரு பத்தி காணாமல் போனால் அதை யார் கண்டுபிடிப்பார்கள்?

தேவாரத்துக்கு இப்படிப்பட்ட சங்கிலி இல்லை. தில்லையில் பூட்டிய அறைக்குள் கறையான் தின்றது போக மீந்ததுதான் நமக்குக் கிடைத்தது என்ற கதையை எல்லோரும் அறிவோம். ஆனால் அங்கே வேறொரு ஏற்பாடு இருந்தது. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரம் பாட, பிடாரர் என்ற ஓதுவார் 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்து, நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லையும் கல்லில் வெட்டி வைத்தான். பாட்டைப் பாதுகாப்பது பாடுகிறவர் வயிற்றைப் பாதுகாப்பதில் தொடங்குகிறது என்பதை அந்த அரசன் அறிந்திருந்தான். ஓலைகளிலிருந்தும் ஓதுவார் வாயிலிருந்தும் நழுவிவிட்ட ஒரு சம்பந்தர் பதிகம், திருவிடைவாய்ப் பதிகம், கல்வெட்டாக நின்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்டது. இத்தகைய நல்லூழ் எல்லாப் பதிகங்களுக்கும் வாய்க்கவில்லை.

செய்யுளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. உடைந்தாலும் அது முழு முழுப் பாட்டுகளாகத்தான் உடையும். வளையாபதி என்ற காப்பியம் நமக்குக் கிடைக்கவில்லை, குண்டலகேசியும் கிடைக்கவில்லை. ஆனால் அவற்றிலிருந்து உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்ட பாட்டுகளும் புறத்திரட்டு என்ற தொகைநூலில் சேர்ந்த பாட்டுகளும் இன்றும் இருக்கின்றன. முத்தொள்ளாயிரத்தில் இன்று நாம் படித்துச் சுவைக்கும் வெண்பாக்களுக்குப் பெரும்பாலும் அந்தப் புறத்திரட்டுத்தான் புகலிடம் தந்தது. வீடு எரிந்தபோது கதவுகள் மட்டும் பக்கத்து வீடுகளில் இருந்ததால் தப்பியது போல. ஒவ்வொரு பாட்டும் தன்னளவில் நிறைந்த ஒரு பொருளாக இருந்ததால்தான் அதைக் கழற்றி எடுத்து இன்னொரு நூலுக்குள் வைக்க முடிந்தது. யாப்பருங்கல விருத்தி என்ற யாப்பிலக்கண உரைநூலைப் புரட்டிப் பார்த்தால், பெயர் மட்டுமே மிஞ்சிய நூல்களின் செய்யுள்கள் இலக்கண விதிக்கு எடுத்துக்காட்டு என்ற பேரில் அங்கே கூட்டமாகக் குடியிருப்பதைக் காணலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, யாப்பு எதைக் காக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது சொல்லைக் காக்கும். சொல்லுக்குப் பின்னே இருக்கும் பொருளைக் காக்க அதனால் இயலாது.

அனிச்சத்தை எடுத்துக்கொள்வோம். குறளில் நான்கு இடத்தில் இந்தப் பூ வருகிறது. 'மோப்பக் குழையும் அனிச்சம்' என்பதை அறியாத பள்ளிப் பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. காமத்துப்பாலில் ஒருத்தி காம்பு களையாமல் அனிச்சப்பூவைச் சூடிவிட்டாள், இனி அவள் இடுப்புக்கு 'நல்ல படாஅ பறை' என்று ஒரு குறும்பு வருகிறது. அதாவது இடுப்பு ஒடிந்துவிடும், சாப்பறைதான் ஒலிக்கும் என்கிறான் காதலன். அந்தப் படாஅ என்பதில் இருக்கும் அகரத்தைப் பாருங்கள். படா என்று மட்டும் எழுதினால் அது ஓரசையாகச் சுருங்கி ஓசை குறையும். சீரை நிறைக்க அளபெடை வேண்டும். அந்த ஓர் அகரத்தைக்கூட வெண்பா உதிரவிடாமல் இன்றுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஆனால் அனிச்சம் எந்தச் செடியில் பூக்கும் பூ, என்ன நிறம், எந்த நிலத்தில் வளரும் என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. ஒருவர் ஒரு செடியைக் காட்டுகிறார், மற்றவர் மறுக்கிறார். அளபெடை பிழைத்தது, பூவைக் காட்டும் விரல் பிழைக்கவில்லை.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்த 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கல்லூரியில் அதை ஒப்பிக்கச் சொன்ன பேராசிரியரை அன்று மனத்துக்குள் வைதிருக்கிறேன். செங்காந்தள், ஆம்பல், அனிச்சம், குவளை, குறிஞ்சி, வெட்சி என்று அது போகும். அந்த வரிசையில் எத்தனையை இன்று நம்மால் தொட்டுக் காட்ட முடியும்? உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட முனைந்தபோது அவருக்கு முதலில் கிடைத்த ஏடுகளில் அந்தப் பூக்களிலேயே சிலவற்றின் பெயர்கள் உதிர்ந்து போயிருந்தன. தருமபுர மடத்து ஏட்டில்தான் அவை அகப்பட்டன. பெயரையே அப்படித் தேட வேண்டியிருந்தது. பெயருக்குரிய செடியைத் தேட எந்த மடத்துக்குப் போவது?

பொருள் எங்கே வாழ்கிறது என்பதற்கும் ஐயரின் வாழ்விலேயே விடை இருக்கிறது. 1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்கினார். இவற்றால் என்ன பயன், சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் திருப்பிக் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட மாணவருக்கே சீவக சிந்தாமணி அறிமுகம் ஆகியிருக்கவில்லை. பாட்டு ஓலையில் இருந்தது. விருத்தங்கள் தம் எதுகையோடும் மோனையோடும் அப்படியே இருந்தன. அவற்றைப் படிக்கும் தமிழ்ப்புலவர் இல்லை. ஏடு கைக்கு வந்த பிறகும் சமண சமயக் கருத்துகள் அவருக்கு விளங்கவில்லை. விசாரித்துக்கொண்டு கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்குப் போனபோது அங்கே மாக்கோலமும் தோரணமுமாக ஏதோ விசேடம். என்ன என்று கேட்டால், சிந்தாமணியைப் படித்து வந்தோம், இன்று பூர்த்தியாயிற்று என்றார்கள். புலவர் உலகம் மறந்த காப்பியத்தைச் சில குடும்பங்கள் தங்கள் நோன்பு போலப் பல மாதம் வைத்துப் படித்து, முடித்த நாளில் கோலம் போட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தன. 1887இல் ஐயர் பதிப்பித்த சிந்தாமணிக்குள் அந்த வீட்டுத் திண்ணையில் கேட்ட விளக்கங்கள் எத்தனையோ கலந்திருக்கின்றன. அதே ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளை, ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது என்று பதிப்புரையில் கண்ணீர் வடித்தார். ஏட்டின் நிலை அது. படிக்கும் வழக்கமும் அதே வேகத்தில் முறிந்துகொண்டிருந்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஒலி மட்டும் பிழைத்துப் பொருள் முழுதும் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடல் கடந்து ஓர் உதாரணம் இருக்கிறது. தாய்லாந்து அரண்மனையைச் சார்ந்த பிராமணர்கள் மார்கழி, தை ஒட்டி நடத்தும் சடங்குக்குத் திரியம்பாவாய் என்று பெயர். அதில் அவர்கள் ஓதுவது நம் திருவெம்பாவை. ஓதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. பாங்காக்கில் இன்றும் நிற்கும் செந்நிற மாபெரும் ஊஞ்சற் கம்பத்தில் இந்தச் சடங்கை ஒட்டி ஊசலாடும் வழக்கம் 1935 வரை இருந்தது. மாணிக்கவாசகர் பாட்டு அங்கே போய்ச் சேர்ந்ததும், பல நூற்றாண்டு மந்திரம்போல ஓதப்பட்டதும் பெருமைதான். எனக்கும் முதலில் கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அங்கே காக்கப்பட்டது தமிழா என்று கேட்டால், விதையின் உமி என்றுதான் சொல்வேன். மாதே வளருதியோ என்று தோழியை எழுப்பும் குரல் எழுப்பும் குரலாகவே அங்கே யாருக்கும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வேறு வகையான பாட்டு ஒன்று உண்டு. கோயில் கொடை நாள்களில் விடிய விடிய வில்லடித்துப் பாடும் கதைகள். அவை ஏட்டில் இறுகிய வெண்பாக்கள் அல்ல; பாடும் புலவர் கூட்டத்தின் முகம் பார்த்து நீட்டுவார், சுருக்குவார். எனவே இவற்றில் காவலும் தளர்வு. முத்துப்பட்டன் கதை பாபநாசம் மலைப்பக்கத்துக் கதை. பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மக்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, செருப்புத் தைத்து, மாடு காக்கப் போய் மடிந்து தெய்வமானான். இதே கதையில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடைத்தவர்கள் என்று மாற்றிப் பாடும் வடிவமும் உண்டு. நா. வானமாமலை இத்தகைய கதைப்பாடல்களைத் திரட்டி ஆராய்ந்தபோது இந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டினார். கேட்பவருக்குச் சங்கடம் தரும் பகுதி எதுவோ, அதுதான் முதலில் மாறியிருக்கிறது. ஆகவே பாட்டு பண்பாட்டைக் காக்கிறது என்னும்போது, யாருடைய விருப்பப்படி என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். எதுகையால் அங்கணம் என்ற சொல்லைக் காப்பாற்ற முடிந்தது; வாலப்பகடையின் மக்களைக் காப்பாற்ற முடியவில்லை.

பெண்கள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் இன்னும் மோசம். சிந்தாமணிக்கு ஏடு தேடியவர்கள் இருந்தார்கள். அடுக்களையில் பிறந்த பாட்டுக்கு ஏடே இல்லை. நா. வானமாமலை போன்றவர்கள் எழுதத் தொடங்கியதால் நமக்கு ஓரளவு மிஞ்சியது. 1964இல் வந்த அவருடைய தமிழர் நாட்டுப் பாடல்கள் தொகுப்பைப் புரட்டும்போதெல்லாம், இதில் சேராமல் போனவை எத்தனை என்ற எண்ணமே எனக்கு முன்னால் நிற்கும்.

என் ஆச்சி பாடியவை அப்படிச் சேராமல் போனவற்றில் அடங்கும். சென்ற மாதம் என் தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்தது. தொட்டிலில் போடும் நாளுக்கு ஆச்சியின் தாலாட்டை யாராவது பாட வேண்டும் என்று பேச்சு வந்தது. பாட்டு யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. தென்காசியில் இருக்கும் என் அத்தைக்கு 81 வயது. தொலைபேசியில் அவரைப் பிடித்து, நான் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரடித்து நீ அழுதாய் என்று குழந்தையைக் கேட்கும், ஊரெல்லாம் அறிந்த தாலாட்டுத்தான் அது.

'அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே, மாமன் அடிச்சானோ மல்லிகப்பூச் செண்டாலே' என்று அத்தை தயங்காமல் பாடிக்கொண்டு வந்தார். அடுத்து, 'சித்தி அடிச்சாளோ' என்று சொல்லி நின்றுவிட்டார். பூ நினைவுக்கு வரவில்லை. சொல் வராத இடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. அந்த இடத்தை வாயை மூடிக்கொண்டு முணுமுணுத்து நிரப்பிவிட்டு, 'பூச் செண்டாலே' என்று அடியை முடித்தார். பூ எதுவென்று தெரியாவிட்டாலும் அது எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

'சி-ன்னுதான்யா ஆரம்பிக்கும், இல்லேன்னா செ. அத்தைக்கு அரளி, மாமனுக்கு மல்லிக மாதிரி' என்றார்.

இகரத்துக்கு எகரம் மோனையாகும் என்று நாங்கள் கல்லூரியில் யாப்பிலக்கண வகுப்பில் நூற்பா சொல்லிப் படித்தோம். அத்தை ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆச்சி பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை.

நான் செண்பகம் என்றேன். மல்லிகப்பூ, செண்பகப்பூ இரண்டும் ஒரே சீர். தொட்டில் ஆடும் ஆட்டத்துக்கு அது அப்படியே பொருந்தியது. அத்தை ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றார். மறுநாள் காலையில் அவரே அழைத்தார். ஆச்சி வீட்டில் செண்பக மரமே கிடையாது, கிணற்றடியில் செவ்வந்திதான் நின்றது, அதனால் செவ்வந்தி என்றுதான் பாடியிருப்பாள் என்றார். செவ்வந்திப்பூ என்று வைத்தால் ஓரசை கூடுகிறதே என்று நான் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அத்தை அந்த அசையைச் சற்று விரைவாக விழுங்கிப் பாடிக் காட்டினார். தாளம் எங்கும் தட்டவில்லை.

அரளியும் மல்லிகையும் அந்தக் கிணற்றடியில் இருந்தனவா என்று கேட்டேன். அரளி இருந்தது, மல்லிகை நினைவில்லை என்றார்.

நோட்டில் செவ்வந்தி என்றே எழுதிக்கொண்டேன். ஓரத்தில் சிறிய எழுத்தில், செண்பகம் என்றும் பாடம், என்று குறித்திருக்கிறேன்.